நாற்பத்து மூன்றாவது வரி

பத்து மணிக்கு மணி அடித்தது. பதினான்காம் அறையில் இருபத்தைந்து தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. எமில்டாவுக்கு இனி ஒரு மணி வரைக்கும் நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தேர்வுக் கண்காணிப்பு என்றால் உட்காரக் கூடாதாம், கையில் புத்தகம் இருக்கக் கூடாதாம், கைப்பேசியை ஒரு காகித உறையில் போட்டுப் பெயர் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டுமாம். இத்தனையையும் பிடுங்கி வைத்துக்கொள்கிறவர்கள் மூளையை மட்டும் ஏன் விட்டுவைக்கிறார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அதையும் ஒரு உறையில் போட்டு வாங்கிக்கொண்டிருந்தால் மூன்று மணி நேரம் தூணோடு தூணாக நிம்மதியாக நின்றிருப்பாள். இன்றைக்குப் போய் ஹால் டியூட்டி. மாற்றித் தரச் சொல்லி இரண்டு பேரிடம் கேட்டாள். ஒருத்திக்கு வீட்டில் விசேஷமாம், இன்னொருத்திக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். கௌரவ விரிவுரையாளர் என்று பெயரில் மட்டும் கௌரவத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள், வேலை என்று வந்தால் முதல் ஆளாக அவள் பெயர்தான் பட்டியலில் ஏறும். பரவாயில்லை, மதியம் மூன்று மணிக்குத்தானே கூட்டம், ஒன்றரைக்குப் பேருந்தைப் பிடித்தால் இரண்டே முக்காலுக்குப் பல்கலைக்கழகத்தில் இருக்கலாம் என்று போன வாரம் கணக்குப் போட்டிருந்தாள். ஏழரை வருஷத்து ஆராய்ச்சியை ஐந்து பேர் முன்னால் நாற்பது நிமிஷத்தில் சொல்லி, சரி, ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்று கையெழுத்து வாங்குகிற கூட்டம். ஏழரை என்று சொன்னாலே ஆளாளுக்குச் சிரிப்பார்கள். சனியன் பிடித்தால்கூட ஏழரையில் விட்டுவிடும் மேடம் என்பார்கள். அவளை விடவில்லை. இன்று காலை ஐந்தரை மணிக்கு, இட்லித் தட்டில் மாவு ஊற்றிவிட்டு வந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தபோது, அந்த ஏழரை வருஷமும் தப்பு என்று தெரிந்தது. எழுத்துப் பிழையோ, ஓர் எண் மாறிப்போனதோ இல்லை. அடியோடு தப்பு. அது இந்த உலகத்தில் இப்போது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று மணிக்குள் அதைச் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு பெஞ்சுக்கும் இன்னொரு பெஞ்சுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

விடைத்தாளின் முதல் பக்கத்தில் கண்காணிப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். இருபத்தைந்து பேருக்கும் போட வேண்டும். முதல் பெஞ்சில் ஒழுங்காக எமில்டா டோமினிக் என்று போட்டாள், ஐந்தாவது பெஞ்சில் அது எமில்டா ஆயிற்று, பத்தாவது பெஞ்சில் ஒரு சுழியும் ஒரு இழுப்பும். காலையில் பேருந்தில் நின்றுகொண்டு வந்தபோதும் இதே எண்ணம்தான், இப்போதும் இதேதான். அவளுடைய ஆராய்ச்சியே அந்தப் பேருந்துதான், வேறொன்றுமில்லை. ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடுகிறார், மெதுவாக வேகம் எடுக்கிறார், மறுபடி சட்டென்று பிரேக். கூட்டிக் கழித்துப் பார்த்தால் முன்னால் தள்ளியதும் பின்னால் இழுத்ததும் சமம். ஆனால் பின்னால் இழுக்கிற மெதுவான இழுப்பைக் கம்பியைப் பிடித்துச் சமாளித்துவிடலாம். முன்னால் தள்ளுகிற அந்தச் சட்டென்ற தள்ளலைச் சமாளிக்க முடியாது, ஓர் அடி எடுத்து வைத்தே ஆக வேண்டும். பின்வாசலில் ஏறிய மனுஷி நாலு நிறுத்தம் தாண்டினால் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். கண்டக்டர் முன்னாடி போ, முன்னாடி போ என்று கத்துவதெல்லாம் வீண், அவர் கத்தாவிட்டாலும் கூட்டம் போகத்தான் போகிறது. இதையே கண்ணுக்குத் தெரியாத துகள்களை வைத்துச் செய்தால் அதற்குப் பெயர் இயற்பியல். தண்ணீரில் கிடக்கும் துகள்கள், சூட்டில் ஓயாமல் தள்ளாடிக்கொண்டிருப்பவை; வரிசையாகப் பள்ளங்கள் உள்ள பாதை; ஒரு பக்கம் கொஞ்ச நேரம் பலமாகவும், மறுபக்கம் ரொம்ப நேரம் மெதுவாகவும், மாற்றி மாற்றி அசைக்கிற விசை. சராசரி விசை சைபர். ஆனாலும் துகள்கள் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்தது. எமில்டா கண்டுபிடித்ததாக எழுதியது என்னவென்றால், தள்ளாட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் துகள்கள் திரும்பிக்கொண்டு எதிர்த்திசையில் போகின்றன என்பது. நாலாவது அத்தியாயம் முழுக்க அதுதான். போன வருஷம் ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் அதுதான் கட்டுரையாக வந்தது. கிராஃபில் அந்தக் கோடு எவ்வளவு வழவழப்பாக இறங்கி, சைபரைத் தொட்டு, அடியில் போய், மறுபடி ஏறும்! பிழைக்கோடுகள் கண்ணுக்கே தெரியாது. ஒரு கணக்கை ஆயிரம் துகளுக்குப் போட்டுப் பார்க்கிறபோது ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று காட்டத்தான் பிழைக்கோடு. அது புள்ளியை விடச் சின்னது, புள்ளிக்குள் மறைந்துவிட்டது என்று கட்டுரையில் பெருமையாக ஒரு வரி வேறு எழுதியிருந்தாள். இன்று காலை, கூட்டத்தில் யாராவது கேட்டால் சொல்லலாமே என்று அந்தச் சின்ன எண் எவ்வளவு சின்னது என்று பார்த்தாள். சைபர், சைபர், சைபர் என்று ஒரு பத்தி முழுக்க வந்தது. சின்னது இல்லை, இல்லவே இல்லை.

"மேடம், அடிஷனல்."

பதினொன்று ஆகவில்லை, அதற்குள் கூடுதல் தாள். வணிகவியல் பிள்ளைகளுக்குக் கை மட்டும் நன்றாக ஓடும். தாளைக் கொடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினாள். ஆயிரம் துகளும் ஆயிரம் விதமாகத் தள்ளாட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பகடை உருட்ட வேண்டும், பிறகு ஆயிரத்துக்கும் சராசரி. கணினிக்குப் பகடை உருட்ட ஒரு தொடக்க எண் வேண்டும். விதை எண் என்பார்கள். அதே விதையைக் கொடுத்தால் அதே பகடை அதே வரிசையில் விழும். அதனால் விதையை ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். துகள்களை ஒவ்வொன்றாக எடுக்கிற சுற்று அவளுடைய புரோகிராமில் நாற்பத்திரண்டாவது வரியில் ஆரம்பிக்கிறது. விதை வரி நாற்பத்தொன்றில் இருக்க வேண்டும். நாற்பத்து மூன்றில் இருந்தது. அதாவது சுற்றுக்கு உள்ளே. ஒவ்வொரு துகளை எடுக்கும்போதும் புதிதாக அதே விதை, அதே பகடை, அதே தள்ளாட்டம். ஆயிரம் பேரைக் கேட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஒரே ஆளை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அந்த ஒரே ஆள் அன்றைக்குத் தற்செயலாகத் திரும்பி நடந்தவன். அவ்வளவுதான். வரியை மேலே தூக்கி வைத்துவிட்டு மறுபடி ஓட விட்டாள். ஜெனிட்டாவுக்கு இரட்டைச் சடை பின்னி முடிப்பதற்குள் புதுக் கோடு வந்துவிட்டது. அடுப்பில் இட்லி வெந்து, கொஞ்சம் அதிகமாகவே வெந்து, வாசனை வந்துகொண்டிருந்தது. அம்மா, சடையை இழுக்கிறே, வலிக்குது என்று பிள்ளை கத்தினாள். கோடு சைபரைத் தொடவே இல்லை. மேலேயே இருந்தது, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, பிழைக்கோடுகளைக் கைகால் மாதிரி நீட்டிக்கொண்டு. துகள் எந்த அளவுத் தள்ளாட்டத்திலும் திரும்பவில்லை. எதிர்த்திசை என்று ஒன்று கிடையாது.

யார் வைத்தது அந்த வரியை? பாபுராஜ்தான் வைத்திருப்பான். அவளுக்கு முந்தி அந்த ஆய்வகத்தில் இருந்தவன், புரோகிராமை அவன்தான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். எந்த ஆய்வகத்திலும் அதுதான் வழக்கம், பழைய ஆள் போகும்போது புது ஆளிடம் சாவியைக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போவான். இந்த இடத்தைத் தொடாதே, எப்படி ஓடுகிறது என்று எனக்கே தெரியாது, ஆனால் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனான். இப்போது பெங்களூரில் ஏதோ நிறுவனத்தில் இருக்கிறான். நிம்மதியாக இருக்கிறான். ஆனால் பாபுராஜ் கொடுத்தபோது விதை என்ற வரியே அதில் இல்லையே. கணினிக் கடிகாரத்திலிருந்து அதுவாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தான். அப்படியானால் குழந்தைவேலு சார். அவளுடைய கைடு. அவரைச் சொல்ல வேண்டும். பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு வளர்ந்த மனுஷர். கணினி என்றால் அவருக்கு அரை நம்பிக்கை. இரண்டாவது வருஷம், ஒரே கேள்வியை ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் ஒவ்வொரு பதில் சொல்லுதேம்மா, இது என்ன கணக்கா, கிளி ஜோசியமா என்று சத்தம் போட்டார். நேற்று ஓட்டினால் பூஜ்யம் புள்ளி நாலு ஒன்று, இன்று ஓட்டினால் பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்பது. அப்படித்தான் சார் வரும், தற்செயல் என்றால் அப்படித்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்ததா? அவர் சத்தம் போட்டால் அவளுக்குக் காது அடைத்துக்கொள்ளும். அன்று சாயங்காலமே எப்போது ஓட்டினாலும் ஒரே பதில் வருகிற மாதிரி ஒரு விதை எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். சார் மகிழ்ந்து போனார். பாத்தியா, இப்பதான் இது இயற்பியல் என்றார். ஆக சார்தான். சார் கேட்டார். ஆனால் சார் விதை எண் போடு என்றா கேட்டார், அதை நாற்பத்து மூன்றில் போடு என்றா கேட்டார்? அவருக்கு நாற்பத்திரண்டாவது வரி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஜெனிட்டா பிறந்த தேதியை விதையாகப் போட்டது யார், சார் வீட்டு ஆளா? பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம், தொட்டிலில் அழுதுகொண்டிருந்தாள், ஒரு காலால் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு கையால் தட்டச்சு அடித்தது யார்? பாபுராஜ், சார், பாபுராஜ், சார் என்று எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கடைசியில் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது. அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, பளாரென்று ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

வாசலில் செருமல் கேட்டது. பக்கத்து அறைக் கண்காணிப்பாளர், தமிழ்த்துறை அறவாழி. அறைக்குள் ஒரு கண்ணும் வராந்தாவில் ஒரு காலுமாக நிற்பதில் கைதேர்ந்தவர்.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? இன்னைக்குத்தானே உங்களுக்குக் கூட்டம்? டாக்டர் எமில்டான்னு போர்டு எழுதச் சொல்லிரவா?"

"சும்மா இருங்க சார்."

"பயமா? நாப்பது நிமிஷம் பேசப் போறீங்க. அஞ்சு பேர் கேப்பாங்க. அதுல ரெண்டு பேர் தூங்கிருவாங்க."

பிள்ளைகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சார், உங்க தீசிஸ்ல, எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு தப்பு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அறவாழி யோசிக்கவே இல்லை. "தெரிஞ்சுதே! மூணாவது இயல்ல ஒரு பாட்டை வேற நூல்லேருந்து எடுத்து இந்த நூல்னு போட்டுட்டேன். பைண்டிங்குக்கு அப்புறம்தான் பார்த்தேன். பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு பயல் கண்டுபிடிக்கலையே. மேடம், நம்ம தீசிஸை நம்மளும் டைப் அடிச்சவரும்தான் முழுசாப் படிக்கிறது. அதுலயும் டைப் அடிச்சவர்தான் கவனமாப் படிப்பார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் இன்னும் எரிச்சல் வந்தது. அறவாழி போய்விட்டார், ஆனால் அவர் சொன்னது போகவில்லை. பதினோரு வருஷம் ஆச்சு, ஒரு பயல் கண்டுபிடிக்கலையே. அவர் பாட்டு ஒன்றுதான் இடம் மாறியது, இயல் இடியவில்லை. அவளுடையது மோட்டுவளையே இல்லாத வீடு. இருந்தாலும் யார் வந்து அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்? கட்டுரையைப் படித்த நடுவர்கள் இருவரும் தெளிவான முடிவு என்று எழுதியிருந்தார்கள். தெளிவாகத்தானே இருக்கும், ஒரே ஆள் பேசினால் தெளிவாகத்தான் இருக்கும். பேசாமல் இருந்தால் என்ன? பேசாமல் இருப்பது பொய்யா? காலையில் அவள் அந்த எண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்று சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். கேசரி கிண்டுவதாக மாமியார் சொல்லியிருக்கிறார். பார்த்தது குற்றமா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போல யார் அவளை அந்தப் பத்தியைத் திறந்து பார்க்கச் சொன்னது? சொல்வதானால் என்ன ஆகும் என்பதும் தெரியும். குழந்தைவேலு சார் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் கைடு மாற வேண்டும். இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் சாரோடு பேச மாட்டார், இன்னொருவருக்கு இந்தத் துறையே தெரியாது. எட்டு வருஷம் தாண்டினால் பதிவு காலாவதி. அப்புறம் புதிதாகப் பதிவு, புதிதாக நுழைவுத் தேர்வு, புதிதாக ஏழரை. சாருக்கும் அவள்தான் கடைசி மாணவி. கடைசிப் பிள்ளைம்மா நீ, உன்னை அனுப்பிட்டு நான் என் பீரோவைப் பூட்டணும் என்று போன மாதம் சொன்னார். அந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் பேனாவும் தாளுமாகத் தப்பே பண்ணாத மனுஷருக்குக் கடைசிக் கட்டுரையில் கரியைப் பூசியது யார் என்றால் எமில்டா.

நடந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். இது நாலாவது தடவை. கரும்பலகையிலிருந்து கடைசிப் பெஞ்சுக்கும் கடைசிப் பெஞ்சிலிருந்து கரும்பலகைக்கும் என்று சமமாகத்தான் நடக்கிறாள், ஆனால் எப்போது பார்த்தாலும் வாசலில் வந்து நிற்கிறாள். கால்களுக்கு யார் சொன்னது? வீட்டிலும் இதே கதைதான். கணவன் டோமினிக் மாதம் ஒரு தடவை வெடிப்பான். விட்டுத் தொலை எமி, எதுக்கு இந்தப் பாடு, பிள்ளையைப் பார்ப்பியா இதைப் பார்ப்பியா என்று அரை மணி நேரம் கத்துவான், வீடே அதிரும். மற்ற இருபத்தொன்பது நாளும் தேநீர் போட்டு வைத்துவிட்டு, இன்னைக்கு எழுதினியா, ஒரு பக்கமாவது எழுதினியா என்று மெதுவாகக் கேட்பான். கூட்டிக் கழித்தால் சைபர்தான். ஆனால் அவளை நகர்த்தியது எது? அவன் கத்துகிற அன்றைக்குத்தான் அவள் ராங்கியாக ஓர் அத்தியாயத்தை முடித்தாள். அவன் தேநீர் கொடுத்த நாளெல்லாம் குடித்துவிட்டுத் தூங்கினாள். எதிர்ப்பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம் நகர்கிற ஜென்மம். இதற்கும் ஒரு கிராஃப் போட்டு ஒரு கட்டுரை எழுதலாம், இதிலாவது விதை எண் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ தடவை சந்தர்ப்பம் வந்தது. முதல் வருஷம் விட்டிருக்கலாம், பதிவு மட்டும்தான் பண்ணியிருந்தாள். மூன்றாம் வருஷம் விட்டிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று ஓர் அடி. அந்த அடியை எடுத்து வைத்தபின் அந்த இடமும் இவ்வளவு தூரம் ஆகிவிடும். யாரும் அவளைத் தள்ளவில்லை. பிடித்துத் தள்ளியிருந்தால் யாரையாவது திட்டவாவது முடிந்திருக்கும்.

பன்னிரண்டரை மணி அடித்தது. இன்னும் அரை மணி. நாலாவது வரிசைப் பெண் இரண்டு கையாலும் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். ஏதோ வருகிற மாதிரி இருந்து வரவில்லை போல. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்றது. சொல்லிவிடலாம், சொன்னால் என்ன வந்துவிடும், தலையா போய்விடும் என்று ஒரு சுற்று. சொல்ல வேண்டாம், முதலில் பட்டத்தை வாங்கிவிட்டு அப்புறம் திருத்தக் குறிப்பு ஒன்று ஆய்விதழுக்கு அனுப்பிவிடலாம் என்று அடுத்த சுற்று. அப்புறம் என்பது வருமா? அறவாழிக்குப் பதினோரு வருஷமாக வரவில்லையே. அவர் கெட்ட மனுஷர் இல்லை, பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர், இருந்தும் வரவில்லை. இன்றைக்கு வாயை மூடினால் இவ்வளவு நாள் மூடிவிட்டோமே என்று நாளைக்கும் மூடுவாள். அவளுக்கே பயமாக இருந்தது. இது தப்புக்கான பயம் இல்லை, தப்பு ஒன்றும் கடிக்கப் போவதில்லை. ஆறு மாதம் கழித்து இதே வராந்தாவில் இன்னொருத்தி வந்து கேட்டால் அறவாழி மாதிரியே சிரித்துக்கொண்டு பதில் சொல்லிவிடுவோமோ என்கிற பயம். சரி, சாரிடம் எப்படி ஆரம்பிப்பது? சார், ஒரு சின்ன விஷயம். சின்னதா அது? சார், நீங்க கோபப்படக் கூடாது. இப்படிச் சொன்னால் அந்த வார்த்தைக்கே கோபப்படுவார். சார், காலையில எழுந்ததும் ஒண்ணு பார்த்தேன். காலையிலேயே பார்த்தவள் ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்பார். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். ஒன்பதே முக்காலுக்குத்தான் வாங்கி வைத்தார்கள். ஆறு மணியிலிருந்து ஒன்பதே முக்கால் வரைக்கும் அது அவள் கைப்பையில்தான் இருந்தது. பேருந்தில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்து, இரண்டு தடவை உள்ளே வைத்தாள்.

மணி அடித்தது. எழுதினது போதும், எழுந்திருங்க, அப்படியே வச்சிருங்க என்று அவள் குரல் கேட்டது. பதிவெண் வரிசைப்படி இருபத்தைந்து விடைத்தாள்களையும் அடுக்கினாள், எண்ணினாள், இருபத்து நாலு வந்தது, மறுபடி எண்ணினாள், இருபத்தைந்து. இதைக்கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணுகிறவள் அதை மட்டும் ஏழரை வருஷம் எண்ணவில்லை. அலுவலகத்தில் கூட்டம். கட்டை ஒப்படைத்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, உறையைக் கிழித்துக் கைப்பேசியை எடுத்தால் குழந்தைவேலு சாரிடமிருந்து ஆறு அழைப்புகள். தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள். எப்படித் தெரியும், அவளுக்குத்தானே தெரியும்? வராந்தாவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்கம்மா போயிட்ட? காலைலேருந்து அடிக்கிறேன்!" குரலில் கோபம் இல்லை. இந்த ஏழரை வருஷத்தில் அவர் இப்படிக் குதூகலமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"ஹால் டியூட்டி சார்."

"விடு. கேளு. இன்னைக்கு வர்ற வெளிப் பேராசிரியர் இருக்காரே, அவர் ரொம்பக் கறாரான ஆளு. அந்த எதிர்த்திசை முடிவை நான் நம்பல, நானே சரிபார்க்கணும்னு சொல்லி, போன வாரம் உன் புரோகிராமைக் கேட்டார். நான் அனுப்பி வச்சேன். உன்கிட்ட சொல்லல, நீ பயப்படுவேன்னு. அவர் ஸ்டூடண்ட் ஒருத்தன் அவங்க மெஷின்ல ஓட்டிப் பார்த்திருக்கான். என்ன வந்துச்சு தெரியுமா?"

அவள் தொட்டிக் குழாயை இறுக்கித் திருகினாள், சொட்டு நிற்கவில்லை.

"அப்படியே வந்துச்சும்மா! நம்ம டேபிள்ல இருக்கிற நம்பரும் அவன் நம்பரும், ஆறாவது தசமம் வரைக்கும் ஒண்ணு! ஆறாவது! அவரே போன் பண்ணி, இனி எனக்குக் கேள்வியே இல்லன்னுட்டார். நீ மூணு மணிக்கு வந்து நின்னா போதும். பேசக்கூட வேண்டாம்."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கேள்வியே இல்லை என்று கேள்வி கேட்க வேண்டியவரே சொல்லிவிட்டார். இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் அவளுக்குத் திறந்து வைத்ததில்லை. எங்கிருந்தோ அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. சார் மேல், அந்தக் கறாரான ஆள் மேல், யார் பெற்ற பிள்ளையோ அந்த மாணவன் மேல். மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் அந்த ஆறாவது இலக்கம் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது.

"சார்," என்றாள். "ஆறாவது தசமம் வரைக்கும் ஒத்துப்போகக் கூடாது சார்."

"என்னது?"

"பகடை உருட்டுற கணக்கு சார். இங்க ஆயிரம் தடவை உருட்டினதும் அங்க ஆயிரம் தடவை உருட்டினதும் கிட்டத்தட்ட ஒத்துப்போகலாம். கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணா வந்தா, அங்க யாரும் புதுசா உருட்டலன்னு அர்த்தம் சார், அதே விதை எண்ணும் புரோகிராமோடயே போயிருக்கு. அது போதாதுன்னு அந்த விதை எண் சுற்றுக்கு உள்ள மாட்டிக்கிச்சு. ஆயிரம் துகளும் ஒரே துகள்தான். காலைல வெளிய எடுத்துட்டு ஓட்டிப் பார்த்தேன். முடிவு தப்பு சார்."

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தேர்வு முடித்த பிள்ளைகள் கேள்வித்தாளை விசிறிக்கொண்டு கூட்டமாகப் போனார்கள். அவர் வைத்துவிட்டாரோ என்று காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எந்த வரி?" என்றார்.

"நாப்பத்து மூணு சார். நாப்பத்தொண்ணுல இருக்கணும்."

"பாபுராஜ் எழுதினதாச்சே அது. அவன் அன்னைக்கே அரைகுறை. அவன் வச்சதுன்னு சொன்னா கமிட்டி ஒத்துக்கும்மா. பழைய புரோகிராம்ல இருந்த கோளாறு, நாமளே கண்டுபிடிச்சோம்னு சொல்லலாம். ஆறு மாசம் கூடுதலாக் கேட்டு வாங்கிரலாம்." அவர் வேகமாகப் பேசினார், அவளுக்காகத்தான் பேசினார், அது புரிந்தது. "பாபுராஜ்தானே?"

"இல்ல சார். நான் வச்சது."

பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றரை மணி வண்டி கிளம்பும் ஹாரன் சத்தம் கேட்டது. அவள் நகரவில்லை. மறுபடி அவர் பேசியபோது அது கைடு குரலாக இல்லை, முதல் பெஞ்சில் உட்கார்ந்து சந்தேகம் கேட்கிற பையனின் குரலாக இருந்தது.

"அப்ப அது திரும்பவே இல்லையாம்மா?"

"இல்ல சார்," என்றாள் எமில்டா. "எவ்வளவு தள்ளாடினாலும் போற பக்கமேதான் போகுது."